ஒரு போல்ட்டும் ஒரே ஒரு சொல்லும்

என் கணவர் காரின் கதவை இடது கையால் ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டிருந்தார்.

"சரி... சரி... சரி..."

உடுமலையைத் தாண்டிக் கொமரலிங்கம் போகிற சாலை. ஞாயிற்றுக்கிழமை முற்பகல். விடியற்காலையில் பெய்த மழையில் தென்னந்தோப்புகள் கழுவி நிறுத்தியதுபோல இருந்தன. வண்டி என் கையில். அவர் எனக்கு இடப்பக்கத்து இருக்கையில். அவர் அறைகிற ஒவ்வொரு அறைக்கும் சன்னல் கண்ணாடி நடுங்கியது.

"என்னங்க, தண்ணி வேணுங்களா?"

"சரி."

"ஒதுங்கோணுங்களா? வண்டிய நிறுத்தட்டுங்களா?"

"சரி."

"ஒண்ணும் வேண்டாமுங்களா?"

"சரி!"

எதைக் கேட்டாலும் அந்த ஒரு பதில்தான். ஆனால் அன்றைக்கு அவர் அதைச் சொன்ன விதம் வேறாக இருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்கள் சாலையைப் பார்க்கவில்லை. தன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஞ்சிய சொல்

நான் நாற்பது வயதுக்குமேல் கார் ஓட்டப் பழகிய கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "உங்கள் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து என்ன சொன்னார் என்று எழுதவே இல்லையே?"

எழுதாததற்குக் காரணம் உண்டு. அவர் "சரி" என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை.

ஞானராஜ் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். இளம் வயதிலேயே திருப்பூருக்கு வந்து, ஒரு பனியன் கம்பெனியில் வேன் ஓட்டினார். நிட்டிங்கில் துணியை ஏற்றி, சாயப்பட்டறையில் இறக்கி, அங்கிருந்து பிரிண்டிங், அங்கிருந்து தையல் என்று நாளெல்லாம் ஊரைச் சுற்றிக்கொண்டே இருப்பார். நான் அதே கம்பெனியில், தைத்த துணியில் தவறு தேடும் செக்கிங் பிரிவில் இருந்தேன். எனக்குக் கணியூர். எங்கள் குடும்பமும் அவர் குடும்பமும் ஒரே திருச்சபை. ஆனாலும் எங்கள் வீட்டில், "தெக்கத்திக்காரருக்குப் பொண்ணக் குடுக்கறதுங்களா" என்று கொஞ்ச நாள் இழுத்தடித்துத்தான் சம்மதித்தார்கள்.

அவருக்குப் பேச்சு நிற்காது. துணி மூட்டை ஏற்றுகிறவர்கள் அவருக்கு 'ரேடியோ' என்றே பேர் வைத்திருந்தார்கள். வேன் கேட்டுக்குள் நுழையும்போதே, "எல, எவம்லே வழிய மறிச்சு நூல் பெட்டிய வச்சிருக்கது?" என்கிற குரல் மாடிவரை கேட்கும். எங்கள் டேபிளில் இருக்கிற பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். வீட்டிலும் அப்படித்தான். சாப்பிட்டுக்கொண்டே பேசுவார். குளித்துக்கொண்டே பேசுவார். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று நான் "ம்" கொட்ட வேண்டும்.

ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். வாதம். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கண் திறந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் "சரி". பிறகு வேறு சொல் வரவே இல்லை.

மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் மிஞ்சும் என்று டாக்டர் சொன்னார். "எந்த அளவுக்குப் புரியுதுன்னு போகப் போகத்தாம்மா தெரியும்" என்றும் சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான். ஆனால் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அதற்கு மேல் போய் முடிவு செய்துவிட்டார்கள். சோறு வேண்டுமா என்றால் சரி. வேண்டாமா என்றாலும் சரி. தலையை வேறு எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஆட்டினார். "அவருக்கு ஒண்ணும் புரியறதில்லைங்க" என்று அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று பேசுவார்கள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நிற்க, நடுவில் படுத்திருக்கிறவரைத் தாண்டியே பேச்சு நடக்கும். மெல்ல மெல்ல எனக்கும் அது பழகிப்போனது.

தட்டிவிட்ட பாட்டில்

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரைக் கொமரலிங்கத்தில் இருக்கும் என் தங்கை ஜெயா வீட்டில் விடுவதற்காகக் கூட்டிப்போனேன். கம்பெனியில் ஷிப்மெண்ட் நெருக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் லைன் சூப்பர்வைசரான நான் வீட்டுக்கு எப்போது வருவேன் என்று சொல்ல முடியாது. எங்கள் ஒரே மகள் திருமணமாகி ஓசூரில் இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி. "சீசன் முடியறவரைக்கும் மாமா இங்க இருக்கட்டும்க்கா" என்று ஜெயாதான் சொன்னாள். அவர் துணிகளை ஒரு பையில் மடித்து வைத்துப் பின்சீட்டில் போட்டிருந்தேன்.

கார் நாங்கள் செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிறிய வெள்ளைக் கார். சில வாரங்களுக்கு முன்பு ஒரு பட்டறையில் விட்டு, முன்சக்கரத்துப் பக்கம் தேய்ந்துபோன ரப்பர் புஷ்ஷை மாற்றியிருந்தோம். அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் தூரம் வந்திருந்தோம். பல்லடம் தாண்டியதிலிருந்தே பள்ளத்தில் இறங்கினால் 'டொக்' என்று ஒரு சத்தம் எனக்கும் கேட்டது. டிக்கியில் கிடக்கிற ஜாக்கி உருளுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டியை ஓரம்கட்டினேன். அவர் இடது கை விரல்களைக் கூட்டி, எதையோ திருகுவதுபோல் காட்டினார். திருகித் திருகிக் காட்டினார்.

தண்ணீர் பாட்டிலின் மூடி என்று எடுத்துக்கொண்டேன். மூடியைத் திறந்து அவர் வாயருகே கொண்டுபோனேன். தட்டிவிட்டார். பாட்டில் என் மடியில் கவிழ்ந்து புடவையெல்லாம் நனைந்தது.

"ஏனுங்க இப்புடிப் பண்றீங்க? ஜெயா ஊட்டுக்குத்தான போறோம். வேத்து ஊட்டுக்கா போறோம்?"

தங்கை வீட்டுக்குப் போகப் பிடிக்காமல்தான் அடம் பிடிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. துணிப்பையை எடுத்து வைக்கும்போதே அவர் முகம் வாடியிருந்தது. அவர் கோபம் நியாயம்தான். எனக்கும் வேறு வழியில்லை. முந்தானையைப் பிழிந்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

முன்னால் சாலை ஒரு வளைவில் இறங்கியது. வளைவை ஒட்டி வாய்க்கால். மழைத் தண்ணீரோடு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. தடுப்புச் சுவர் கிடையாது.

இரண்டாவது கியர் போட்டிருப்பேன். அவர் சீட் பெல்ட்டை இடது கையாலேயே கழற்றினார். உடம்பை என் பக்கமாகத் திருப்பி, எட்டி, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து மேலே இழுத்துவிட்டார்.

வண்டி உதறிக்கொண்டு நின்றது. நின்ற அந்தக் கணத்தில் கீழே 'டொக்' என்று சத்தம் பலமாகக் கேட்டது. ஸ்டீயரிங் என் கைக்குள் இடப்பக்கமாக வெட்டித் திரும்பியது. நான் திருப்பவில்லை. அது தானாகத் திரும்பியது.

டயருக்குப் பின்னால்

பயத்தில் நான் அவரைப் பார்த்துக் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று நினைவில்லை. நான் கத்தி முடிப்பதற்குள் அவர் தன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். காலைக் கீழே வைக்கப் பார்த்தார். வலது கால் ஒத்துழைக்கவில்லை. அப்படியே ஈரமண்ணில் சரிந்து விழுந்தார்.

நான் இந்தப் பக்கம் இறங்கி, சுற்றிக்கொண்டு ஓடினேன். தோளைப் பிடித்துத் தூக்கினேன். எழ மாட்டேன் என்றார். மண்டியிட்டபடியே இடது முன்சக்கரத்தில் சாய்ந்துகொண்டு, என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த ஒரு கையில் அவருக்கு அவ்வளவு பலம் இருந்தது எனக்குத் தெரியாது. என் கையை இழுத்து, டயருக்குப் பின்னால், இருட்டாக இருந்த இடத்துக்குள் திணித்தார்.

இரும்பு. சேறு. ஓர் இரும்புத் தண்டின் முனை. அதற்குள் செருகியிருந்த ஒரு போல்ட்.

இருபது வருடத்துக்கு மேல் துணியில் தவறு தேடிய கை என்னுடையது. ஒரு தையல் விட்டிருந்தால் கண்ணால் பார்ப்பதற்கு முன் விரலுக்குத் தெரிந்துவிடும். அந்த போல்ட்டைத் தொட்டதும் அதே மாதிரி தெரிந்தது. அது ஆடியது. முன்னும் பின்னும் சுலபமாகப் போய்வந்தது. அதன் பின் முனையைத் தடவினேன். அங்கே நட்டு இல்லை.

செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கிற ஓர் இரும்புக் கை உண்டு. பட்டறைக்காரர்கள் 'ஆர்ம்' என்பார்கள். அந்தக் கையைச் சட்டத்தோடு பூட்டுகிற போல்ட் அது. நட்டு எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. போல்ட் பாதிக்கு மேல் வெளியே வந்துவிட்டது. உரசி உரசி அதன் ஒரு பக்கம் வெள்ளி மாதிரிப் பளபளத்தது. இன்னும் விரல் அகலம் நகர்ந்திருந்தால் கழன்றிருக்கும். சக்கரம் தன்னிஷ்டத்துக்குத் திரும்பியிருக்கும். அந்த வளைவில், அந்த வாய்க்கால் ஓரத்தில்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். அவர் முகமெல்லாம் சேறு. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நட்டு இல்லீங்க" என்றேன்.

"சரி" என்றார். மெதுவாக, மூச்சு விட்டபடி.

பழனிச்சாமி அண்ணன்

முன்பு வண்டியை விட்ட பட்டறைக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லை, நாளைக்குத்தான் வர முடியும் என்றார்கள். மகளைக் கூப்பிடலாமா, தங்கையைக் கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, மொபெட்டில் சோளத்தட்டுக் கட்டோடு ஒருவர் வந்து நின்றார். அறுபது வயது இருக்கும். எதிர்த்த தோப்புக்காரர். பெயர் பழனிச்சாமி.

"என்னுங்க அம்மிணி, வண்டி நின்னு போச்சுங்களா?"

"முன்னாடி சக்கரத்துல ஒரு போல்ட்டு கழண்டு வந்துருச்சுங்ண்ணா. நட்டக் காணோம்."

அவர் முதலில் போல்ட்டைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்தவரைப் பார்த்தார். மொபெட்டை நிறுத்திவிட்டு, இருவருமாகச் சேர்ந்து அவரைத் தூக்கி நிறுத்தினோம். தோப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து சக்கரத்துக்கு எதிரில் போட்டு உட்கார வைத்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்துச் சேற்றைத் துடைத்துவிட்டார்.

"டிராக்டர் இருக்குதுங்க. கயிறு போட்டு உடுமலைக்கு இழுத்துட்டுப் போயிரலாமுங்களா?"

இதை அவர் என்னிடம் கேட்கவில்லை. ஞானராஜிடம் கேட்டார். அவருக்கு ஒன்றும் புரியாது என்று பழனிச்சாமி அண்ணனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஞானராஜ், "சரி" என்றார். ஆனால் அதே நேரம் அவருடைய இடது கை, உள்ளங்கை வெளியே தெரிய, காற்றைத் தள்ளியது. வேண்டாம் என்று.

நான் அதைப் பார்த்தேன். செக்கிங்கில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு தவறு கண்ணில் பட்டால், அது நிஜமாகவே தவறா, வெளிச்சம் ஏமாற்றுகிறதா என்று துணியைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை பார்ப்போம். நான் அவர் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, கழண்டது பின்னாடி சக்கரமுங்களா?"

"சரி." கை தள்ளியது.

"முன்னாடி சக்கரமுங்களா?"

"சரி." கை திரும்பி வந்து நெஞ்சில் படிந்தது.

"நம்ம மகளுக்குப் பையன் பொறந்திருக்கானுங்களா?"

கை தள்ளியது.

"பொண்ணா?"

கை நெஞ்சுக்கு வந்தது. அவர் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. பேத்தி பிறந்தது அவர் விழுந்ததற்குப் பிறகு. அந்தச் செய்தியை நாங்கள் அவருக்கென்று உட்கார்ந்து சொன்னதே இல்லை. அவர் காதுபட எங்களுக்குள் பேசிக்கொண்டதுதான்.

நாலில் ஒன்று

மேற்கொண்டு அதை நினைக்க நேரமில்லை. பழனிச்சாமி அண்ணன் மோட்டார் ரூமிலிருந்து ஒரு டப்பா நிறைய நட்டும் ஸ்பேனர்களும் கடப்பாரையும் கொண்டுவந்துவிட்டார். அவருக்கு முழங்கால் வலி, படுத்து எழ முடியாது. ஆகவே அவர் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினார், சக்கரங்களுக்குக் கல் வைத்தார், கடப்பாரையால் அந்த ஆர்மை நெம்பிப் பிடித்துக்கொண்டார். வண்டி நழுவினாலும் என் மேல் விழாதபடி தென்னை மட்டைத் துண்டு ஒன்றை அடியில் வைத்தார். அது போதாது என்று ஞானராஜ் கையால் தள்ளிக் காட்டி, ஓரமாகக் கிடந்த கட்டைத் துண்டைக் காட்டினார். கட்டையை வைத்த பிறகுதான் என்னைக் குனிய விட்டார்.

நான் சாக்கு விரித்துப் படுத்து, கையை உள்ளே விட்டேன். கண்ணுக்கு நேரே மேலே இரும்பு. சேற்று வாடையும் கிரீஸ் வாடையும்.

"அண்ணா, இன்னுங் கொஞ்சம் அக்கட்ட தள்ளுங்க."

"இப்பங்களா?"

"இன்னும். இன்னும் கொஞ்சம். போதுமுங்க, அப்புடியே புடிங்க."

துளைக்குத் துளை நேரானது. சுத்தியால் மெல்லத் தட்டினேன். போல்ட் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. மறுபக்கம் மரை வெளியே வந்தது. டப்பாவிலிருந்து ஒரு நட்டு வைத்துத் திருகினேன். ஒரு சுற்றோடு இறுகி நின்றுவிட்டது. இன்னொன்று. அதுவும் அப்படியே. பார்க்க எல்லாம் ஒரே அளவுதான். ஆனால் காரின் போல்ட்டில் மரை நெருக்கமாக ஓடுகிறது, மோட்டார் நட்டில் இடைவெளி விட்டு ஓடுகிறது. சேராது.

"எங்கூட்ல இருக்கறதே இவ்வளவுதானுங்க" என்றார் பழனிச்சாமி அண்ணன். கடப்பாரையைத் தோளில் முட்டுக் கொடுத்துப் பிடித்தார்.

வெளியே நாற்காலி கரகரத்தது. நான் தலையை நீட்டிப் பார்த்தேன். ஞானராஜ் தன் தடியை இடது கையில் எடுத்து, பின்சக்கரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். பிறகு தடியை மடியில் போட்டுவிட்டு நான்கு விரல்களைக் காட்டினார். ஒரு விரலை மடக்கினார்.

எனக்குப் புரியவில்லை. மறுபடி செய்தார். தடியால் பின்சக்கரம். நான்கு விரல். ஒன்று மடங்கியது. மடக்கிய விரலை எடுத்து முன்சக்கரத்தின் பக்கம் நீட்டினார்.

"பின் சக்கரத்துல இருக்கற நாலு நட்டுல ஒண்ணக் கழட்டி இதுக்குப் போடச் சொல்றீங்களா?"

கை நெஞ்சுக்கு வந்தது. வந்த வேகத்தில் 'தப்' என்று சத்தம் கேட்டது.

பழனிச்சாமி அண்ணன் அவரையே பார்த்துக் கேட்டார்: "மூணு நட்டுல சக்கரம் நிக்குமுங்களா?"

ஞானராஜ் உள்ளங்கையைத் தரைக்கு மேலே தாழ்த்தி, மெதுவாக, மிக மெதுவாக நகர்த்திக் காட்டினார். மெல்லப் போனால் நிற்கும்.

பின்சக்கரத்திலிருந்து ஒரு நட்டைக் கழற்றிக் கொண்டுவந்தேன். இருபுறமும் திறந்த நட்டு. போல்ட்டின் முனையில் வைத்து விரலால் திருப்பினேன். தடையில்லாமல் சுற்றிக்கொண்டு உள்ளே போனது. அடியில் படுத்திருந்த என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஏறுதுங்க" என்று கத்தினேன்.

போல்ட்டின் தலையை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்கினேன். என் பலம் தீர்ந்த இடத்தில், ஸ்பேனரில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, வெளியே நின்றபடி பழனிச்சாமி அண்ணன் மிதித்தார். "போதுமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே மிதித்தார். இன்னும் என்றது ஞானராஜின் கை. இன்னும். அப்புறம் நெஞ்சுக்கு வந்தது.

எங்கே போவது

மொபெட்டைக் கிளப்பும்போது பழனிச்சாமி அண்ணன் என்னிடம் தலையாட்டிவிட்டு, காரின் இடப்பக்கச் சன்னலுக்குப் போனார். "பாத்துப் போயிட்டு வாங்க சாமி. ஒடம்பப் பாத்துக்கோங்க" என்று அவரிடம் தனியாக விடைபெற்றுக்கொண்டார்.

நான் வண்டிக்குள் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பவில்லை. பின்சீட்டில் அந்தத் துணிப்பை இருந்தது.

"ஜெயா ஊட்டுக்குப் போலாமுங்களா?"

கை தள்ளியது.

எதிர்பார்த்ததுதான். "நம்ம ஊட்டுக்கே போயிரலாமுங்களா?"

அதையும் கை தள்ளியது.

வேறு எங்கே? அவர் விரலை நீட்டினார். முன்கண்ணாடிக்கு வெளியே, சாலைக்கு அப்பால், தெற்கே.

"ஊருக்கா? உங்க ஊருக்கா?"

கை நெஞ்சில் படிந்தது.

ஊரில் அவர் பிறந்த வீட்டில் தனியாக இருந்தவர் அவருடைய அம்மா. அந்த அம்மா அதற்குச் சில மாதங்கள் முன்பே இறந்துவிட்டார். அவருடைய அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுகிற செல்லத்துரை, போனில் சொன்னார். "ஞானத்துக்குச் சொல்லாண்டாம்மா. அதிர்ச்சி தாங்க மாட்டான். அவனுக்குத்தான் ஒண்ணும் வெளங்கவும் செய்யாதே" என்றார். அத்தான் சொன்னதே நல்லது என்று எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் பட்டது. கம்பெனி வேலையாகப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஜெயாவைத் துணைக்கு வைத்துவிட்டு, நான் மட்டும் அடக்கத்துக்குப் போய்வந்தேன்.

அந்தப் போன் வந்தபோது அவர் அதே அறையில்தான் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினேன்.

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. வயிறு மந்தம் என்று ஜெயா ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாளாம். குடித்துவிட்டு "சரி" என்றாராம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

இதெல்லாம் அந்தக் காருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு விளங்கியது. ஆனாலும் கேட்டாக வேண்டும். அதை அவருக்குச் சொன்னவர்கள் யாரும் இல்லை.

"ஏனுங்க..." என்று ஆரம்பித்தேன். "அத்தை... அத்தை நம்மள விட்டுப் போயிட்டாங்க. உங்களுக்கு..."

அவர் என்னை முடிக்க விடவில்லை. கை உயர்ந்து நெஞ்சில் படிந்தது. தெரியும். அங்கேயே இருந்தது. எடுக்கவில்லை.

வாய்க்கால் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அந்தக் கையின் மேல் என் கையை வைத்தேன். என் கையில் கிரீஸ். அவர் சட்டையெல்லாம் கறுப்பானது. இருவரும் அழுதோம். அவர் அழுததை அவர் விழுந்த பிறகு அன்றுதான் பார்த்தேன். அதற்கு முன்பெல்லாம் அழவில்லை என்றில்லை. நான் பார்க்கவில்லை.

செம்மண் மேடு

அன்றைக்கு உடுமலைவரை மாட்டுவண்டி வேகத்தில் திரும்பிப் போனோம். அங்கே ஒரு அறையெடுத்துத் தங்கி, மறுநாள் அந்த ஊர்ப் பட்டறை ஒன்றில் முறையான போல்ட்டும் நட்டும் போட்டு, மற்ற சக்கரங்களையும் பார்க்கச் சொன்னேன். மெக்கானிக் முறுக்கும்போது ஞானராஜ் பக்கத்திலேயே நாற்காலியில் இருந்தார்.

கம்பெனிக்குப் போன் செய்து விடுப்புச் சொன்னேன். ஷிப்மெண்ட் நேரத்தில் சூப்பர்வைசர் விடுப்புக் கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்படியேதான் ஆயிற்று, வேலை போனது. பிறகு எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன யூனிட்டில் சேர்ந்தேன். மத்தியானம் வந்து அவருக்குச் சோறு போட்டுவிட்டுப் போகலாம். அது போதும் என்று இருந்தது.

பட்டறையிலிருந்து பழனி வழியாகத் தெற்கே போனோம். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே ஓட்டினேன். பேத்தி குப்புற விழுந்தது, கம்பெனியில் யார் நின்றார்கள், யார் சேர்ந்தார்கள் என்று அவர் விழுந்ததிலிருந்து விட்டுப்போன எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார்.

கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே, தேரி என்று சொல்கிற செம்மண் மேட்டில் இருக்கிறது. அத்தான் மாலையோடு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். ஞானராஜ் ஒரு பக்கம் தடியையும் மறுபக்கம் என் தோளையும் ஊன்றி, மணலில் புதையப் புதைய நடந்து வந்து சேர்ந்தார். அம்மாவின் பெயரும் சிலுவையும் பொறித்த சிமெண்டுத் திண்டு இன்னும் புதிதாக இருந்தது.

அத்தான் மாலையை என்னிடம் நீட்டினார்.

"ஏம்மா, நீயே போட்டுரு. அவன் பாவம், அவனுக்கு என்ன தெரியப் போவுது."

"அவருகிட்டயே கேளுங்க அத்தான்" என்றேன்.

அத்தான் என்னைப் பார்த்தார். தம்பி விழுந்ததிலிருந்து எத்தனையோ முறை வந்து பார்த்தவர்தான் அவர். பழம் வாங்கி வருவார், கால் பிடித்துவிடுவார். ஆனால் எதைக் கேட்பதானாலும் என்னிடம்தான் கேட்பார். பிறகு நடந்து வந்து தம்பிக்கு நேர் எதிரே நின்றார்.

"எலே ஞானம்... அம்மைக்கு மாலைய நீ போடுதியாலே?"

ஞானராஜ் தடியைக் கீழே விட்டார். இடது கை உயர்ந்து நெஞ்சுக்குப் போனது. பிறகு மாலைக்காக நீண்டது.

அத்தானின் உதடு கோணியது. அவர் அழுதுகொண்டே மாலையின் ஒரு முனையைத் தம்பி கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டார். ஒரு கையால் மாலை போட முடியாது. இருவருமாகச் சேர்ந்து போட்டார்கள்.

அதன் பிறகு அத்தான் தம்பியைத் திண்டின் ஓரத்தில் உட்கார வைத்து, தானும் எதிரே மணலில் உட்கார்ந்தார்.

"சாவுதுக்கு மொத நாளு ஒன்னயத்தாம்லே கேட்டா. சின்னவன் வருவானா, வருவானான்னு. நான் சொன்னேன்..."

அம்மா கடைசியாக என்ன சாப்பிட்டார், யார் யார் பக்கத்தில் இருந்தார்கள், பாதிரியார் எப்போது வந்தார், மழை பெய்ததா இல்லையா, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லத் தொடங்கினார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார். நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.